கருந்துளையைத் தாளில் வரைந்து பார்ப்போம்: சுற்றியுள்ள வாயு நமக்கு எப்படித் தெரியும்?

2019 ஏப்ரல் 10-ஆம் தேதி மாலை, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வெளியானது. அதைப் பார்த்த நண்பர்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? ஏன் கீழ்ப்பக்கம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது? 'இன்டர்ஸ்டெல்லர்' திரைப்படத்தில் கருந்துளைக்குக் குறுக்கே ஒரு பட்டை போகுமே, அது எங்கே? அன்று முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்தது. தாளையும் காம்பஸையும் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைக் கோடு கோடாக வரைந்து பார்த்த பிறகுதான் மற்ற இரண்டும் எனக்குப் புரிந்தன.

அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓர் ஏ4 தாள், காம்பஸ், ஸ்கேல், பென்சில், ரப்பர் இருந்தால் போதும். பெருக்கல், வகுத்தலைத் தாண்டிய கணக்கு எதுவும் கிடையாது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வரையப் போவது வாயுவின் படம். ஒளி விடுவது வாயுதான். கருந்துளை அந்த ஒளியின் பாதையை வளைக்கிறது, தனக்குள் வந்து விழும் ஒளியை விழுங்குகிறது, அவ்வளவுதான். அதனால் முதலில் ஒளியின் பாதை, அப்புறம் வாயு, கடைசியில் பார்ப்பவரின் தொலைநோக்கி என்ற வரிசையில் போவோம். நான் பார்த்தவரை, பெரும்பாலான குழப்பங்கள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான் வருகின்றன.

படி 1: அளவுகோல்

சுழலாத கருந்துளையின் நிகழ்வெல்லை, அதாவது அதற்குள் போன ஒளி திரும்பி வராத எல்லை, ஒரு சூரிய நிறைக்குச் சுமார் 3 கி.மீ. ஆரம் கொண்டது. நிறை கூடக்கூட ஆரமும் அதே விகிதத்தில் கூடும். நம் பால்வெளியின் நடுவிலுள்ள சஜிட்டேரியஸ் ஏ* கருந்துளைக்கு ஏறத்தாழ 41 லட்சம் சூரிய நிறை. அதன் எல்லையின் ஆரம் சுமார் 1.2 கோடி கி.மீ. எம்87 கருந்துளைக்கு 650 கோடி சூரிய நிறை. அதன் ஆரம் சுமார் 1,900 கோடி கி.மீ. சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நிறை எதுவானாலும் படத்தின் வடிவம் ஒன்றுதான், அளவு மட்டுமே மாறும். எனவே தாளில் 1 செ.மீ. என்பது நிகழ்வெல்லையின் ஆரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, 1 செ.மீ. ஆரத்தில் மெல்லிசாக ஒரு வட்டம் போடுங்கள். அழுத்திப் போட வேண்டாம், இதை அழிக்கப் போகிறோம்.

படி 2: நிழல்

கருந்துளை 1 செ.மீ. வட்டமாகத்தான் கருப்பாகத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. அப்படித் தெரியாது. காரணம் தெரிய, ஒளியைப் பின்னோக்கி அனுப்பிப் பாருங்கள். உங்கள் கண்ணிலிருந்து கருந்துளையை நோக்கிப் பல நேர்கோடுகள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கணினியில் இந்தப் படங்களை உருவாக்குபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

நடுப்புள்ளியை விட்டு வெகுதூரம் தள்ளிப் போகும் கோடு லேசாக வளைந்து அந்தப் பக்கம் போய்விடும். இன்னும் நெருங்கிப் போகும் கோடு அதிகமாக வளையும். நடுவிலிருந்து 2.6 செ.மீ. தள்ளிக் குறிவைத்த கோடு, வளைந்து வளைந்து 1.5 செ.மீ. ஆரத்தில் கருந்துளையைச் சுற்றத் தொடங்கிவிடும். அதற்கும் உள்ளே குறிவைத்த எந்தக் கோடும் தப்பாது, நிகழ்வெல்லைக்குள் போய் முடியும். அந்தத் திசைகளில் கருந்துளைக்குப் பின்னாலிருந்து எந்த ஒளியும் நமக்கு வந்து சேர வழியில்லை.

இப்போது 2.6 செ.மீ. ஆரத்தில் அழுத்தமாக ஒரு வட்டம் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் 1 செ.மீ. வட்டத்தை அழித்துவிடுங்கள். இந்தப் பெரிய வட்டத்துக்குத்தான் 'நிழல்' என்று பெயர். ஜேம்ஸ் பார்டீன் 1973-இல் சுழலும் கருந்துளைக்கு இதன் விளிம்பைக் கணக்கிட்டார். ஹைனோ ஃபால்க்கே, ஃபுல்வியோ மேலியா, எரிக் அகோல் மூவரும் 2000-இல், நம் மண்டலத்தின் கருந்துளைக்கு இந்த நிழலை ரேடியோ அலைகளில் பார்த்துவிடலாம் என்று எழுதினார்கள்.

இந்த 2.6 சரிதானா என்று நீங்களே சோதிக்கலாம். எம்87-க்கு நிழலின் விட்டம் 5.2 செ.மீ.; நம் அளவுகோலில் சுமார் 10,000 கோடி கி.மீ. தூரம் 5.5 கோடி ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு சுமார் 9.46 லட்சம் கோடி கி.மீ. வகுத்துக் கோணமாக்கினால் ஏறக்குறைய 40 மைக்ரோ ஆர்க்செகண்டு வரும். ஒரு பாகையை 3,600-ஆல் வகுத்து, அதை இன்னும் 10 லட்சத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் ஒரு மைக்ரோ ஆர்க்செகண்டு. நிலாவில் ஒரு சாத்துக்குடியை வைத்துவிட்டு இங்கிருந்து பார்த்தால் ஏறத்தாழ அந்த அளவில் தெரியும். 2019-இல் அளந்த வளையத்தின் விட்டம் 42 மைக்ரோ ஆர்க்செகண்டு, 3 கூடக் குறைய. சஜிட்டேரியஸ் ஏ*-க்கு 27,000 ஒளியாண்டு தூரத்தை வைத்து இதே கணக்கைப் போட்டால் 51 வரும். 2022 மே 12-இல் வெளியான படத்தில் அளவு 51.8. நிறையில் 1,500 மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு கருந்துளைகளுக்கு ஒரே 2.6 பொருந்துகிறது. நான் ஒவ்வொரு முறை இந்தக் கணக்கைப் போடும்போதும் கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன்.

படி 3: வாயுத் தட்டை நேர் மேலிருந்து பாருங்கள்

கருந்துளையை நோக்கி வரும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. சுற்றும் வேகம் இருப்பதால் தட்டாகப் பரந்து, உராய்ந்து சூடேறி, மெதுவாக உள்நோக்கி நகரும். சுழலாத கருந்துளைக்கு 3 செ.மீ. ஆரம் வரைதான் நிலையாகச் சுற்ற முடியும். அதற்குள் வந்த வாயு சில சுற்றுகளில் சரிந்து விழுந்துவிடும். அதனால் மெல்லிய தட்டின் உள்விளிம்பை 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 3 செ.மீ.-இல் இருக்கும் வாயு தாளில் 3 செ.மீ.-இல் தெரியாது. அதன் ஒளி நம்மிடம் வரும் வழியில் வளைவதால் கொஞ்சம் வெளியே தள்ளித் தெரியும். நேர் மேலிருந்து பார்க்கும்போது இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: உண்மையான ஆரத்தோடு அரை செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய சரியாக வரும். எனவே 3.5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்கு வெளியே பென்சிலால் நிழலடித்து வெளிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்விளிம்பு அழுத்தமாக, வெளியே போகப்போக மங்கலாக இருக்கட்டும். நம் தாளில் பென்சில் கருமைதான் ஒளி, வெள்ளைதான் இருட்டு. புகைப்பட நெகட்டிவ் போல.

இன்னொன்றும் உண்டு. தட்டின் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பிய ஒளி கருந்துளையைச் சுற்றி வளைந்து நம் பக்கம் வரும். அது 2.6-க்கும் 3.1-க்கும் நடுவில் ஒரு மெல்லிய வளையமாகத் தெரியும். அதையும் போடுங்கள். மேலே நின்றுகொண்டு தட்டின் அடியையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம்.

படி 4: தட்டைச் சாய்த்துப் பாருங்கள்

இதற்குப் புதுத்தாள் எடுங்கள். 2.6 செ.மீ. வட்டத்தை மறுபடி போடுங்கள். இனி நாம் தட்டைப் பக்கவாட்டிலிருந்து, அதன் தளத்துக்கு 10 பாகை மட்டும் மேலே நின்று பார்க்கப் போகிறோம்.

ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். மெல்லிய நீள்வட்டமாகத் தெரியும். தட்டின் நடுவில் ஒரு பந்தை வைத்தால், பந்துக்குப் பின்னால் இருக்கும் தட்டின் பகுதி மறைந்துவிடும். சனிக்கோளின் வளையங்கள் அப்படித்தான் தெரிகின்றன. கருந்துளையில் மட்டும் பின்பகுதி மறையாது. அங்கிருந்து மேல்நோக்கிக் கிளம்பிய ஒளி, கருந்துளைக்கு மேலாக வளைந்து இறங்கி நம் கண்ணுக்கு வரும். கண்ணுக்கு ஒளி வளைந்தது தெரியாது. ஒளி கடைசியாக வந்த திசையிலேயே வாயு இருப்பதாக நினைக்கும். விளைவாக, பின்பக்கத் தட்டு நிழலுக்கு மேலே வில்லாக எழும்பி நிற்கும்.

வரையும் வரிசை இது. முதலில் முன்பகுதி: தட்டின் நம் பக்கத்துப் பாதி நிழலின் நடுவுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ அரை செ.மீ. கீழே, குறுக்குப் பட்டையாகப் போகும். இது நிழலுக்கு முன்னால் இருப்பதால் நிழலை மறைத்துக்கொண்டு போகும். இரண்டாவது, பின்பகுதி: பட்டையின் இடது ஓரத்திலிருந்து கிளம்பி, நிழலின் மேல்விளிம்பை ஒட்டி வளைந்து, வலது ஓரத்தில் வந்து சேரும் அகலமான வில். மூன்றாவது, தட்டின் அடிப்பக்கம்: நிழலின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பிறை. மேல்வில்லை விட இது எவ்வளவோ மெலிதாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, மேலும் கீழும் ஒரே தடிமனில் போடுவது.

நண்பர் கேட்ட குறுக்குப் பட்டை இதுதான். இது தனியாக ஒரு வளையம் கிடையாது. பட்டையும் வில்லும் ஒரே தட்டு.

இந்தக் காட்சியை முதன்முதலில் படமாக்கியவர் பிரெஞ்சு வானியற்பியலாளர் ழான்-பியேர் லூமினே. 1979-இல் அவர் ஐபிஎம் 7040 கணினியில் துளையட்டைகளைக் கொடுத்து ஒளிப்பாதைகளைக் கணக்கிட்டார். விடைகள் எண்களாகத்தான் வந்தன. அந்த எண்களைப் பார்த்து, இந்தியன் இங்க்கால் தாளில் கையாலேயே புள்ளி புள்ளியாக வைத்து, அதை நெகட்டிவாக மாற்றிப் படமாக்கினார். எங்கே ஒளி அதிகமோ அங்கே புள்ளிகள் நெருக்கம். நாமும் இப்போது பென்சிலால் செய்வது அதே வேலைதான். நேரமிருந்தால் நிழலடிப்பதற்குப் பதிலாகப் புள்ளி வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை புள்ளி என்று கை யோசிக்கத் தொடங்கும்போது விஷயம் மனதில் பதிந்துவிடும்.

படி 5: ஃபோட்டான் (ஒளித்துகள்) வளையம்

அரைச்சுற்று, முழுச்சுற்று, ஒன்றரைச் சுற்று என்று கருந்துளையைச் சுற்றிவிட்டு வரும் ஒளியும் உண்டு. அவை நிழலின் விளிம்பை ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களை உண்டாக்கும். ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் வளையம் ஏறத்தாழ 23 மடங்கு மெலிந்துபோகும். கூர்மையான பென்சிலால் 2.6 செ.மீ. வட்டத்தின் மேல் ஒரே ஒரு மயிரிழைக் கோடு இழுங்கள், அவ்வளவுதான். 2019 படத்தில் தெரிந்த தடித்த வளையத்தை இந்த ஃபோட்டான் வளையம் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அந்தத் தடிமன் பெரும்பாலும் தொலைநோக்கியின் மங்கலும் வாயுவின் நேரடி ஒளியும் சேர்ந்தது.

படி 6: வேகத்தைச் சேருங்கள்

இதுவரை வரைந்த படம் இடம் வலம் ஒரே மாதிரி இருக்கும். பார்க்க அழகு, ஆனால் உண்மை அப்படி இருக்காது. வாயு சுற்றுகிறது. 3 செ.மீ. ஆரத்தில், அங்கேயே நிற்கும் ஒருவர் அளந்தால், அதன் வேகம் ஒளியின் வேகத்தில் சரி பாதி.

கொட்டும் மழையில் பைக்கில் போயிருப்பீர்கள். நின்றால் தலையில் விழும் மழை, ஓட்டத் தொடங்கியதும் முன்னாலிருந்து முகத்தில் அடிக்கும். ஒளியிலும் இதே போன்ற ஒன்று நடக்கிறது. வாயுவோடு சேர்ந்து போகிறவருக்கு எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் ஒளி, வெளியே நிற்கும் நமக்கு, வாயு ஓடும் திசையிலேயே குவிந்து வருகிறது. நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசிக்கும், விலகிப் போகும் பக்கம் மங்கிவிடும்.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். தட்டின் ஓரத்திலிருந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், வரும் பக்கத்தில் ஒளியின் அதிர்வெண் 1.73 மடங்காகும், போகும் பக்கத்தில் 0.58 ஆகக் குறையும். கருந்துளையின் ஈர்ப்பிலிருந்து ஏறி வருவதால் இரண்டுமே இன்னும் 0.82 மடங்காகக் குறையும். ஆக 1.41, 0.47. ஒன்றுக்கொன்று 3 மடங்கு. ஆனால் பிரகாசம் இந்த எண்ணின் நான்காம் அடுக்கில் மாறும். ஒவ்வொரு ஒளித்துகளின் ஆற்றலும் கூடுகிறது, துகள்கள் அடுத்தடுத்து வேகமாக வந்து சேர்கின்றன, குவிவதோ அகலவாக்கிலும் உயரவாக்கிலும் என்று இரண்டு முறை. 3-ஐ நான்கு முறை பெருக்கினால் 81. ஒரு பக்கம் மறுபக்கத்தை விட 81 மடங்கு பிரகாசம்!

எனவே ரப்பரை எடுத்து, இரண்டாம் தாளில் வலப்பக்கத்தை ஏறக்குறைய அழித்துவிடுங்கள். இடப்பக்கத்தை அழுத்தி அடியுங்கள். வாயு இடப்பக்கம் நம்மை நோக்கி வருவதாக வைத்துக்கொள்கிறோம். லூமினேவின் படத்தில் இந்தச் சமமின்மை இருக்கிறது. 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், பார்வையாளர்கள் குழம்புவார்கள் என்று. அதற்கான கணக்கைச் செய்த இயற்பியலாளர் கிப் தார்னும் உடன் பணியாற்றியவர்களும் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் கருந்துளை என்றாலே சமச்சீரான படம்தான் பலர் மனதில் நிற்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வெளிச்சம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை வைத்துத்தான் வாயு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்கிறோம். அதை எடுத்துவிட்டால் படத்தில் இயக்கமே இல்லை.

இப்போது எம்87-க்கு வாருங்கள். அதிலிருந்து பீறிட்டு வரும் தாரை, நம் பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 17 பாகை மட்டுமே விலகியிருக்கிறது. தாரை தட்டுக்குச் செங்குத்தாகக் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், தட்டை நாம் கிட்டத்தட்ட நேர் மேலிருந்து பார்க்கிறோம். குறுக்குப் பட்டை தெரியாததற்குக் காரணம் இதுதான். சாய்வு குறைவென்றால் நம்மை நோக்கி வரும் வேகமும் குறைவு. ஒளியின் பாதி வேகத்தில் சுற்றும் வாயுவுக்கு 17 பாகைச் சாய்வில் அதே கணக்கைப் போட்டால், ஒரு பக்கம் மறுபக்கத்தை விட 3 மடங்குக்குச் சற்று அதிகம். அந்தக் கீழ்ப்பக்கப் பளிச்சுக்கு இதுவே போதும். தெற்குப் பக்கத்து, அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்து வாயு நம்மை நோக்கி வருகிறது. முதல் தாளில் அந்தக் கீழ்ப்பக்கத்தை, கடிகாரத்தில் 6 மணி காட்டும் இடத்தை, அழுத்தி அடித்துக்கொள்ளுங்கள்.

படமே எடுக்க முடியாத கருந்துளைகளுக்கும் இந்த வேகம் உதவுகிறது. அன்னம் என்ற விண்மீன் கூட்டத்தின் திசையிலுள்ள சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளைக்கு 21 சூரிய நிறை, தூரம் சுமார் 7,200 ஒளியாண்டு. அதன் நிழல் 0.001 மைக்ரோ ஆர்க்செகண்டு அளவில்தான் இருக்கும். படம் எடுப்பதை நினைக்கவே முடியாது. ஆனால் இத்தகைய தட்டுகளில் இருக்கும் இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் எக்ஸ் கதிர் விடும். வரும் பக்கத்து ஒளி ஆற்றல் கூடி, போகும் பக்கத்து ஒளி குறைந்து, ஈர்ப்பால் எல்லாமே கீழே இழுபட்டு, அந்த மெல்லிய கோடு அகலமாகி ஒரு பக்கம் வால்போல் நீண்டுவிடும். ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் பெற்ற தரவில், ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து வந்த இத்தகைய கோடு 1995-இல் வெளியிடப்பட்டது. நீங்கள் வரைந்த படத்தை ஒரே கோட்டில் மடித்து வைத்தது போல.

படி 7: உள்ளே விழும் வாயு

விழும் பொருள் நிகழ்வெல்லையில் அப்படியே உறைந்து நின்றுவிடும், நாம் என்றைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று அடிக்கடி படிக்கிறோம். கணக்கில் உறைவது உண்மை. கண்ணுக்குத் தெரியாது. எல்லையை நெருங்கும் பொருளின் ஒளி சிவந்து, வேகவேகமாக மங்கிவிடும். 10 சூரிய நிறையுள்ள கருந்துளையில் இது மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். எம்87 போன்ற பெரியதில் சில நாட்கள் ஆகும். எனவே நிழலின் விளிம்பில் உறைந்த பொருள்களை வரைய வேண்டாம்.

படி 8: எந்த வாயு, எந்த நிறம்?

நாம் வரைந்த மெல்லிய தட்டு, ஏராளமாக வாயுவை விழுங்கும் கருந்துளைகளுக்குப் பொருந்தும். அங்கும் ஒரு விசித்திரம்: பெரிய கருந்துளையின் தட்டு சிறியதன் தட்டை விடக் குளிர்ச்சி. விண்மீன் அளவுக் கருந்துளையின் தட்டு கோடி பாகை வெப்பத்தில் எக்ஸ் கதிர் விடும். குவேசார்களின், அதாவது ஏராளமாக வாயுவை விழுங்கிப் பிரகாசிக்கும் ராட்சதக் கருந்துளைகளின், பிரமாண்டமான தட்டு லட்சம் பாகை அளவில் புற ஊதாவில் ஒளிரும். கண்ணால் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும், ஆரஞ்சாக இருக்காது.

எம்87-உம் சஜிட்டேரியஸ் ஏ*-உம் வேறு வகை. இவை பட்டினி கிடக்கும் கருந்துளைகள். வாயு குறைவு, அடர்த்தி மிகக் குறைவு. அதனால் வெப்பத்தை வெளியே விட முடியாமல் நூறு கோடிக் கணக்கான பாகை வரை எலக்ட்ரான்கள் சூடேறி, தட்டு உப்பி, அகலமான மேகமாக நிற்கிறது. காந்தப் புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள்தான் நாம் பார்க்கும் ரேடியோ ஒளியை விடுகின்றன. படம் எடுத்த அலைநீளம் 1.3 மி.மீ. அதில் நிறம் என்று ஒன்றும் இல்லை. ஆரஞ்சு என்பது ஒளியின் அளவைக் காட்ட மனிதர்கள் தேர்ந்தெடுத்த வண்ணம்.

மேகம் ஒளி ஊடுருவக்கூடியதாக இருப்பதால், நிழலுக்கு முன்னால் இருக்கும் வாயுவின் ஒளியும் நமக்கு வரும். எனவே நிழல் முழுக்கருப்பாக இருக்காது. எம்87 படத்தில் வளையத்துக்கும் நடுவுக்கும் பிரகாச வித்தியாசம் குறைந்தது 10 மடங்கு. முதல் தாளில் 3.5 செ.மீ. விளிம்பை விரலால் தேய்த்து உள்ளே இழுத்து விடுங்கள், நடுவிலும் லேசாகப் பென்சில் பூச்சு இருக்கட்டும். கூர்மையான உள்விளிம்பு இந்த வகைக்குக் கிடையாது.

அலைநீளத்தை மாற்றினால் படமும் மாறும். 3.5 மி.மீ. அலைநீளத்தில் எடுத்து 2023-இல் வெளியிட்ட எம்87 படத்தில் வளையத்தின் விட்டம் சுமார் 64 மைக்ரோ ஆர்க்செகண்டு, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கருந்துளை பெரிதாகிவிடவில்லை. நீண்ட அலைகளில் அதே வாயு ஒளியை மறிக்கத் தொடங்குவதால், இன்னும் வெளியே இருக்கும் பகுதியைப் பார்க்கிறோம். பனிமூட்டத்தில் விளக்கைச் சுற்றிய ஒளி பெரிதாகத் தெரிவது நினைவுக்கு வரும். ஒரே ஒரு படத்தைப் பார்த்து 'கருந்துளையின் அளவு இது' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

விருப்பமிருந்தால் வளையத்தின் மேல் சுருள் சுருளாகச் சின்னக் கோடுகளும் போடலாம். 2021 மார்ச்சில் வெளியான முனைவாக்கப் படத்தில், அதாவது ஒளி அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்று காட்டும் படத்தில், அப்படித்தான் இருந்தது. அதிலிருந்து வளையத்துக்கு அருகே காந்தப் புலம் 1 முதல் 30 காஸ் வரை என்று கணித்தார்கள். பூமியின் காந்தப் புலம் அரை காஸ் அளவுதான்.

படி 9: சுழற்சி

உண்மையான கருந்துளைகள் சுழலும். சுழலும் கருந்துளையை விவரிக்கும் தீர்வை, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளிலிருந்து 1963-இல் கண்டவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ராய் கெர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து உலகம் போற்றும் வானியற்பியலாளரான சுப்ரமணியன் சந்திரசேகர், தன் அறிவியல் வாழ்வில் தன்னை மிகவும் உலுக்கியது எதுவென்றால், பிரபஞ்சத்தில் கணக்கற்ற கருந்துளைகளை இந்த ஒரே தீர்வு அப்படியே விவரிக்கிறது என்று உணர்ந்ததுதான் என்று 1975-இல் சிகாகோவில் ஆற்றிய உரையில் சொன்னார்.

படத்தில் மாற்றம் சிறியது. நிழலின் அளவு சில சதவீதம்தான் மாறும். மிக வேகமாகச் சுழலும் கருந்துளையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். தட்டின் உள்விளிம்புதான் பெரிதும் மாறும்: 3 செ.மீ.-இலிருந்து, உச்ச வேகத்தில் அரை செ.மீ. வரை உள்ளே வரலாம். முதல் முறை வரைகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 10: தொலைநோக்கியை வையுங்கள்

இப்போது நம் முதல் கேள்வி: ஏன் இவ்வளவு மங்கல்? தொலைநோக்கி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய கோணம், அலைநீளத்தை அதன் அகலத்தால் வகுத்தால் வரும். 1.3 மி.மீ.-க்குப் பூமியின் விட்டம் அளவுக்குத் தொலைநோக்கி இருந்தாலும் 20 மைக்ரோ ஆர்க்செகண்டுதான் கிடைக்கும். 2017 ஏப்ரலில் சிலி, ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, ஸ்பெயின், தென்துருவம் ஆகிய ஆறு இடங்களிலுள்ள எட்டுத் தொலைநோக்கிகளைச் சேர்த்துத்தான் அந்த அகலத்தை எட்டினார்கள். ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் என்று இதற்குப் பெயர். தரவு அவ்வளவு அதிகம் என்பதால் ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். தென்துருவத்திலிருந்து வர வேண்டியவை அங்கே குளிர்காலம் முடியும் வரை காத்திருந்தன.

20 மைக்ரோ ஆர்க்செகண்டு நம் தாளில் 2.6 செ.மீ. அதாவது நிழலின் ஆரம் அளவுக்கு எல்லாம் கலங்கித் தெரியும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நல்ல பார்வையுள்ள கண்ணால் 90 மீட்டர் தூரத்தில் 2.6 செ.மீ. அளவைத்தான் பிரித்தறிய முடியும். முதல் தாளை நகலெடுத்து, நகலில் வளையத்தை மார்க்கரால் நன்றாகக் கருப்பாக்கி, ஒருவரிடம் கொடுத்து, விளையாட்டு மைதானத்தின் மறுகோடியில் 90 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் காண்பதும், பூமி அளவுத் தொலைநோக்கி எம்87-ஐக் கண்டதும் கூர்மையில் ஏறத்தாழ ஒன்றுதான். மயிரிழை வளையம், 3.1-க்கும் 3.5-க்கும் இடையிலான இடைவெளி எல்லாம் கலந்து ஒரே தடித்த வளையமாகிவிடும்.

எட்டுத் தொலைநோக்கிகள் பூமி முழுவதையும் மூடிவிடாது. இடையில் ஏகப்பட்ட ஓட்டைகள். அதனால் ஒரே தரவுக்குப் பல படங்கள் பொருந்தக்கூடும். நாம் எதிர்பார்ப்பதையே பார்த்துவிடக் கூடாதென்று, எம்87 தரவை நான்கு குழுக்களிடம் கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாகப் படமாக்கச் சொன்னார்கள். நான்கிலும் வளையம் வந்தது, நான்கிலும் தெற்கு பிரகாசமாக இருந்தது. இந்தப் படத்தை நான் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

படி 11: காத்திருந்து இன்னொரு முறை வரையுங்கள்

வாயு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 3 செ.மீ. ஆரத்தில் ஒரு சுற்றுக்கு எம்87-இல் ஏறத்தாழ 34 நாள், சஜிட்டேரியஸ் ஏ*-இல் வெறும் 31 நிமிடம். கிராவிட்டி என்ற கருவியைக் கொண்டு, சஜிட்டேரியஸ் ஏ* அருகே ஒளிப்பொட்டுகள் ஒளியின் வேகத்தில் 30 சதவீத வேகத்தில் சுற்றுவதை 2018-இல் அறிவித்தார்கள். ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்வதற்குள் அங்கே படமே பலமுறை மாறிவிடும். அதன் படம் வெளிவர மூன்று ஆண்டுகள் கூடுதலாக ஆனதற்கு இது ஒரு பெரிய காரணம். 2022-இல் நாம் பார்த்தது ஆயிரக்கணக்கான படங்களின் சராசரி. வளையத்தில் தெரிந்த மூன்று ஒளிப்புள்ளிகளை அவ்வளவாக நம்ப வேண்டாம் என்று எடுத்தவர்களே சொல்கிறார்கள். அந்தக் கருந்துளையை வரையும்போது வளையத்தை மட்டும் போட்டு, புள்ளிகளை விட்டுவிடுங்கள்.

எம்87-ஐ 2018 ஏப்ரலில் மறுபடி பதிவு செய்தார்கள். இம்முறை கிரீன்லாந்துத் தொலைநோக்கியும் சேர்ந்துகொண்டது. படம் 2024 ஜனவரியில் வந்தது. உங்கள் முதல் தாளில் 2.6 செ.மீ. வட்டத்தைத் தொடாதீர்கள், அது அதே அளவில்தான் இருந்தது. கடிகாரத்தில் 6 மணி காட்டும் இடத்துக்கு அருகே அழுத்தி அடித்த வெளிச்சத்தை மட்டும் அழித்துவிட்டு, சுமார் 30 பாகை தள்ளி, 5 மணி இடத்தில் போடுங்கள்.